கூப்பிடுகிற வரைக்கும்

என் ஓரகத்தி கதவைச் சாத்தவே மாட்டாள். சாரல் உள்ளே அடித்துப் பாய் நனைந்தாலும், தெருப் பூனை வந்து பால் சட்டியை உருட்டினாலும், வாசல் கதவு பப்பரப்பே என்று திறந்துதான் கிடக்கும். "திருடன் வந்தா என்னடி பண்ணுவ?" என்று கேட்டால், "யாராவது வரட்டுமே அக்கா" என்பாள். அதற்கு மேல் யாரும் அவளிடம் பேச்சை வளர்க்க மாட்டோம்.

நாங்கள் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவர்கள். மூத்தவரைக் கட்டியதால் நான் பெரியவள், இளையவரைக் கட்டியதால் அவள் சின்னவள். பெற்றவர்கள் வைத்த பேரை அப்புறம் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கு லாரி ஷெட்டில் வேலை. அவள் புருஷன், என் கொழுந்தன், வீடு வீடாகப் போய்க் கரண்டு வேலை பார்ப்பவர். எனக்குப் பிறந்ததெல்லாம் பெண்கள். அவளுக்கு ஒரே பையன். பெற்றது அவள் என்றாலும் அவன் அதிகம் கிடந்தது என் இடுப்பில்தான். பசி வந்தால் "பெரிம்மா" என்று என் முந்தானையைத்தான் பிடித்து இழுப்பான்.

அவன் யாரைக் கொண்டு பிறந்தானோ தெரியாது. மாமனார் பக்கம் அத்தனை பேரும் வாயாடிகள். மாமனாருடைய அக்கா ஒருத்தி இருந்தாள், பல் பிடுங்கிய அன்றைக்கும் பஞ்சை வாயில் அடக்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டவள். அந்த வம்சத்தில் வந்தவன் இப்படி ஒரு சாது. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டான். ஒருமுறை கடை வாசலில் "இங்கேயே நில்லு" என்று நிறுத்திவிட்டு, கூட்டத்தில் மறந்துபோய் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பதறி ஓடிப் போய்ப் பார்த்தால், விட்ட இடத்திலேயே நிற்கிறான். அழக்கூட இல்லை. அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்போம்!

கணக்கு மட்டும் அவனுக்கு ஏறவில்லை. கொழுந்தன் சாயங்காலம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்காருவார். முதலில் அவர் குரல் மட்டும் கேட்கும், அப்புறம் ஸ்கேல் சத்தம் கேட்கும். சின்னவள் அடுப்படியிலிருந்து, "படிக்காட்டி உங்கப்பன் மாதிரி கம்பத்துல தொங்கணும், ஞாபகம் வச்சுக்க" என்று அவள் பங்குக்கு ஒன்று வீசுவாள். ஆசைதான். ஒரே பிள்ளை, மேசை போட்டு உட்காருகிற உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை.

பத்தாம் வகுப்பில் அரையாண்டுக் கணக்குத் தாள் கொடுத்த நாளில் நான் ஊரில் இல்லை. என் மூத்தவள் பிரசவத்துக்கு அவளோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சின்னவள் பிறகு எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, நானே கூட இருந்து பார்த்தது போல ஆகிவிட்டது. பையன் இருட்டுகிற நேரத்துக்கு வந்திருக்கிறான். கையில் தாள் இல்லை.

"பேப்பர் எங்கடா?"

"சார் தரலம்மா. வெளிய நில்லுன்னாரு. நான் கூப்பிடுற வரைக்கும் உள்ள வராதேன்னாரு. கூப்பிடவே இல்ல."

"காலையிலேர்ந்து இப்ப வரைக்குமா? யார்கிட்ட காது குத்துற?"

"நிஜமாம்மா."

"ஊர் சுத்திட்டு வந்து பொய் வேற. நீயும் வேணாம், உன் பேப்பரும் வேணாம். உங்கப்பா வந்து கூப்பிடுற வரைக்கும் இந்த வாசல்லயே நில்லு."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். கொழுந்தன் அன்றைக்கு ஒரு மில்லில் வேலை முடியாமல் நேரம் கழித்து வந்தார். "கதவை எதுக்குடி பூட்டியிருக்க, பையன் எங்க?" என்றார். "வாசல்ல நிக்கலையா?" என்றாள் இவள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

போலீஸ், பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, அனாதை விடுதி என்று தேடாத இடம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கேட்டபோது கணக்கு வாத்தியார், "அன்னைக்கு அவன் கிளாஸ்லயே இல்லீங்களே" என்றார். கூடப் படித்த பையன்களை அவர் முன்னாலேயே நிறுத்திக் கேட்டோம். அவர்கள் வாத்தியாரைப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையாட்டினார்கள். ஆக, பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பொய் சொல்லி, மாட்டிக்கொண்ட ரோஷத்தில் ஓடிப்போனான் என்று சொந்தபந்தம் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். சின்னவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொய் சொன்னானா, நிஜம் சொன்னானா என்கிற அந்த ஒன்று அவள் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுகொண்டது.

கொழுந்தன் வாசல் நிலைக்கு மேலே ஒரு பல்பு மாட்டினார். இருட்ட ஆரம்பித்ததும் எரிய விடுவார், விடிந்துதான் அணைப்பார். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் துடைப்பார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் பேசியதெல்லாம் அந்தப் பல்போடுதான்.

அதே பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் சின்னவள் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஏற்பாடு செய்து கொடுத்தது என் சின்ன மாமியாருடைய நாத்தனார் மகள், அங்கே ஆபீஸில் இருந்தாள். "புத்தி கெட்டுப் போச்சா இவளுக்கு, அந்தக் கட்டடத்தையே மிதிக்கக் கூடாதே" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவளுக்கு வேறு கணக்கு. எங்கெங்கேயோ சுற்றிவிட்டு என்றைக்காவது திரும்பினால், வீட்டு வாசலுக்கு வரக் கூச்சப்படுவான். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு எட்டு வந்து பார்ப்பான் என்று நம்பினாள்.

அப்போது புதிதாக வந்திருந்த பெரிய டீச்சரம்மா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாரம் ஒரு விருந்தாளி. வெளியிலிருந்து யாராவது ஒருவர் வந்து, தான் எப்படிப் படித்தேன், தொழிலை எங்கே கற்றேன் என்று பிள்ளைகளிடம் பேச வேண்டும். டாக்டர்தான் வர வேண்டும், கலெக்டர்தான் வர வேண்டும் என்று இல்லை. லிஃப்டு ரிப்பேர் பார்க்கிறவர் வந்தார். பிரசவ வார்டு நர்சு வந்தாள். கோர்ட்டில் டவாலி போட்டு நிற்கிறவர் வந்தார். பழைய மாணவர்கள் என்றால் டீச்சரம்மாவுக்கு இன்னும் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை. வருகிறவர் தான் தோற்றுப்போன கதை ஒன்றையாவது சொல்லியாக வேண்டும்.

மாடியில் கடைசி அறையில் பேச்சு நடக்கும். பையன் படித்த அதே அறை. நாற்காலியைத் துடைத்துப் போடுவது, தண்ணீர் வைப்பது, பேசி முடித்ததும் டீ கொடுப்பது எல்லாம் சின்னவளுக்கு விட்ட வேலை. பேச்சு நடக்கும்போது அவள் உள்ளே உட்கார மாட்டாள். கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே சுவரோரம் நின்று கேட்பாள். படியேறி வருகிற ஒவ்வொருவரின் இடது காதையும் பார்ப்பாள். பையனுக்கு அந்தக் காது மடலில், சின்ன வயதில் தகரம் கிழித்த வெட்டு ஒன்று உண்டு.

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் அவனுக்கு அப்பா வயது. அப்போதும் பார்த்தாள். அப்புறம் அண்ணன் வயதுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் அவன் வயதே ஆனவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

விருந்தாளிகள் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து என்னிடம் அப்படியே ஒப்பிப்பாள். காய்கறி நறுக்கிக்கொண்டே எனக்கும் ஓசியில் படிப்பு நடந்தது. ஒருநாள் சொன்னாள்: "எல்லாரும் தோத்த கதைதான்க்கா சொல்றாங்க. ஆனா தோத்தவங்கள ஒருத்தரையும் கூப்பிடறதில்ல. தோத்து அப்புறம் ஜெயிச்சவங்களத்தான் கூப்பிடறாங்க."

எனக்குக் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

ஏலக்காரர் வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். சின்னவளுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. லீவு போடுடி என்றால் கேட்கவில்லை. டீக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற நான் துணைக்குப் போனேன். வந்தவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். நல்ல வாட்டசாட்டம். மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினார், கீழ்வாசல் வரைக்கும் கேட்டது. இந்த ஊரில் மட்டும் இல்லை, பல பள்ளிக்கூடங்களில் அவரைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்களாம். சின்னவள் காதைப் பார்த்தாள். காது முழுசாக இருந்தது. சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"நான் இதே ரூம்லதான் படிச்சேன். படிச்சேன்னு சொல்றது தப்பு, உக்காந்தேன்!" என்று அவர் ஆரம்பித்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். "கணக்குல நானும் என் பெஞ்சுக்காரனும் போட்டி போட்டு ஃபெயில். அவன் எப்படின்னா, ஒரு செருப்புல வார் அறுந்து போச்சு, அதைச் சிவப்புக் கரண்டு வயரால கட்டியிருப்பான். நடந்தா டக்கு டக்குன்னு ரயில் வர்ற மாதிரி சத்தம் வரும்."

கெட்டில் என் கையில் இருந்ததால் தப்பித்தது. சின்னவள் கையில் இருந்திருந்தால் விழுந்திருக்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் பதிகிற பிடி.

"பேப்பர் குடுக்கிற அன்னிக்கு சார் எங்க ரெண்டு பேரையும் வெளிய போங்கடான்னுட்டாரு. நான் ஓன்னு அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன். சரி தொலைடான்னு என்னை உள்ள விட்டுட்டாரு. சரக்கு மோசமா இருந்தா சத்தம் அதிகமா போடணும், அதுதான் நான் கத்துக்கிட்ட முதல் ஏல வித்தை! அவனுக்கு அழத் தெரியல. 'நான் கூப்பிடுற வரைக்கும் உள்ள வராதே'ன்னாரு. போய் நின்னான். சார் மறந்தே போயிட்டாரு. ஃபர்ஸ்ட் பீரியடு போச்சு, அப்புறம் வந்த சாருங்களும் கண்டுக்கல, சாப்பாட்டு மணி போச்சு, கடைசி மணியும் அடிச்சாச்சு. நாங்க பையைத் தூக்கிட்டு வெளிய வர்றோம், இவன் கம்பம் மாதிரி நிக்கிறான். இன்னும் யாரும் கூப்பிடலையேங்கிறான்! கதவைத் திறந்து பாருங்க பிள்ளைங்களா, இப்பவும் அங்கதான் நிக்கிறானோ என்னமோ!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு குறும்புக்காரப் பயல் எழுந்து வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். நாங்கள் இருவரும்தான் நின்றோம். "ஆயாதான் சார் நிக்குது!" என்று அவன் சொல்ல, இன்னொரு தடவை சிரிப்பு.

ஏலக்காரர் கையைத் தூக்கிச் சத்தத்தை அடக்கினார். "அவன் இப்ப எங்க இருக்கான் தெரியுமா? கடல் தாண்டி, கப்பல் கம்பெனியில பெரிய ஆளு. ஆயிரம் பேருக்குச் சம்பளம் குடுக்கிறான். கணக்கு வராதவன்! அதனால மார்க் வரலன்னு யாரும் மூலையில உக்காராதீங்க." கைதட்டல் ஓய நேரம் பிடித்தது.

அவர் வெளியே வந்ததும் டம்ளரை நீட்டியது சின்னவள்தான்.

"ஐயா, அந்தக் கப்பல் கம்பெனி எந்த ஊர்ல இருக்குங்கய்யா?"

"எது? ஓ, அதுவா!" என்று சிரித்தார் ஏலக்காரர். "அது சும்மா பிள்ளைங்களுக்குச் சொல்றதும்மா. வெளியில நின்னான், அப்புறம் காணாமப் போனான்னு முடிச்சா பிள்ளைங்க முகம் செத்துப் போயிடும். முதல்ல ஒரு ஸ்கூல்ல அப்படித்தான் முடிச்சேன், டீச்சருங்க வந்து சண்டை பிடிச்சாங்க. அதான் கதைக்கு ஒரு வால் ஒட்டுனேன்."

"அந்த வயரு நான் கட்டுனது."

அவருக்கு உடனே புரியவில்லை. டீயை வாய்க்குக் கொண்டு போனவர் பாதியில் நிறுத்தி, அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மார்க்கெட்டையே அடக்குகிற தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"அம்மா... நான் அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லம்மா. சத்தியமா."

"சரி தம்பி. இதை மட்டும் சொல்லுங்க. அவன் நிஜமாவே நின்னானா?"

"நின்னான்மா. இதோ, நீங்க நிக்கிற இடத்துலதான். தண்ணி குடிக்கக்கூட நகரல."

சின்னவள் கால் மாற்றி, அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். தரையையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இனிமே இந்தக் கதையை எங்கயும் சொல்ல மாட்டேன்மா" என்றார் அவர்.

"ஐயோ, நிறுத்திடாதீங்க தம்பி. நீங்க சொல்றப்பதான் அவன் எங்கயோ நல்லா இருக்கான்."

அதன் பிறகு பெரிய டீச்சரம்மா அந்த ஏலக்காரரை அடிக்கடி கூப்பிட்டார். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு முறையும் அதே கதைதான், ஆனால் வால் மட்டும் நீண்டுகொண்டே போனது. அடுத்த தடவை அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. அதற்கடுத்த தடவை குழந்தை. பேசும்போது கதவிடுக்கையே பார்த்துப் பேசுவாராம். குழந்தை என்று சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் சின்னவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே, "அக்கா, நமக்குப் பேத்தி பொறந்திருக்கா" என்றாள்.

கொழுந்தன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "யாருக்கு?" என்றார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நம்பித்தான் சொல்கிறாளா, தெரிந்தே சொல்கிறாளா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தால் பக்கத்து ஊரில் இருக்கும் மகனிடமிருந்து சேதி வந்தவள் போல இருப்பாள். ஆனால் விளக்கு வைத்த பிறகு, வாசலில் டக்கு டக்கு என்று ஏதாவது சத்தம் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். போய்ப் பார்த்தால் காற்றில் கதவுக் கொக்கி ஆடிக்கொண்டிருக்கும். எனக்கும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போய்ப் பார்க்கிற பழக்கம் வந்துவிடவே, கொக்கிக்குத் துணி சுற்றி வைத்தேன். மறுநாள் துணியை அவள் அவிழ்த்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிற விருந்தாளிகள் அவனைவிட இளையவர்களாகவும் ஆகிவிட்டார்கள். காது பார்ப்பதை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. ஏலக்காரர் கடைசியாக வந்தபோது அவருக்குத் தொண்டையில் ஏதோ ஆபரேஷன் ஆகியிருந்தது. மைக்கை வாயோடு ஒட்டி வைத்துத்தான் பேசினார். சின்னவளுக்கு ஓய்வு பெறுகிற வயது வந்துவிட்டது, கால் வீக்கமும் விடவில்லை, அதனால் அவள் பின்னாலேயே நான் கெட்டிலோடு போய்வந்துகொண்டிருந்தேன். கதையில் அவன் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். மூத்தவளுக்குப் பாட்டு வருகிறதாம். சின்னவனுக்குக் கணக்கு வரவில்லையாம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வெளியே வந்தவர் டீயை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"அந்தச் சின்னவன்..." என்றாள் சின்னவள்.

"சொல்லுங்கம்மா."

"கணக்குல மார்க் கம்மியா வாங்கிட்டு வீட்டுக்கு வர்றானே. அப்ப என் பையன் என்னப்பா செய்வான் அவனை?"

இதற்கு அவரிடம் வால் எதுவும் தயாராக இல்லை. உள்ளே பிள்ளைகள் பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமினார், குரல் வரவில்லை. இன்னொரு தடவை செருமினார்.

"உள்ள கூப்பிட்டுச் சோறு போடுவான்மா."

சின்னவள் தலையாட்டினாள். அவர் கையில் இருந்த டம்ளர் காலியாகும் வரை நின்று வாங்கிக்கொண்டாள். அவர் படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று, பள்ளிக்கூடத்துக்குப் பேச வரவேயில்லை.

அறையிலிருந்து பிள்ளைகள் எல்லாம் போன பிறகு சின்னவள் அந்தக் கதவை முழுசாகத் திறந்தாள். சுவரோரம், எத்தனையோ வருஷம் தான் நின்ற அந்த இடத்துக்குப் பக்கத்தில் பார்த்து, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "போதும்ப்பா நின்னது. உள்ள வா."

நான் கெட்டிலைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். அவள் ஒரு ஆள் நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஒதுங்கி நின்றாள். பிறகு தானும் உள்ளே போய், விருந்தாளி நாற்காலிக்கு எதிரே, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த அறைக்குள் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று நாங்கள் வீடு திரும்பும்போது கொழுந்தன் ஸ்டூல் மேல் நின்று பல்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கதவைச் சாத்தக் கை வைத்தாள்.

"இறங்குங்க. இனிமே இது எரிய வேணாம்."

"ஏன்?"

"அவன் உள்ள வந்துட்டான்."

கொழுந்தன் அவளையே பார்த்தார். கீழே நின்ற என்னையும் பார்த்தார். அவர் ஈரத்துணியை உதறி, பல்பை இன்னொரு சுற்றுத் துடைத்து, இறுக்கித் திருகினார். ஸ்டூலிலிருந்து இறங்கி சுவிட்சைப் போட்டார். வாசல் வெளிச்சமானது.

"உள்ள வந்தா சாப்பிடச் சொல்லு" என்றார். "நான் கொஞ்ச நேரம் வெளியில உக்காந்திருக்கேன்."